ராணுவக் கணக்கைக் கேட்டால் ராணுவத்துக்கு எதிரியா?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி. போர் விமானம் என்ன விலை, ராணுவத்துக்கு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது என்றெல்லாம் நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லையில் வீரர்கள் நிற்கும்போது இது தேவையா? நூறு நாள் வேலைச் சம்பளம், முதியோர் உதவித்தொகை என்று ஜனங்களுக்கு வேண்டியதைக் கேட்டால் போதாதா? அதையும் கேட்டுத்தான் என்ன கிடைத்துவிட்டது? – ஒரு வாசகர்

பதில்: தேவைதான். எல்லையில் வீரர்கள் நிற்பதால்தான் இன்னும் கூடுதலாகத் தேவை.

1962-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சீனப் படை உள்ளே வந்து நாம் அடி வாங்கிக்கொண்டிருந்த நேரம். நாடாளுமன்றத்தை உடனே கூட்டுங்கள் என்று கேட்டவர்களில், அன்று மாநிலங்களவையில் இளம் உறுப்பினராக இருந்த வாஜ்பாயும் ஒருவர். நேரு கூட்டத்தொடரை முன்கூட்டியே கூட்டினார். ரகசியக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது, அதை அவர் ஏற்கவில்லை. நவம்பர் 8-ஆம் தேதி தொடங்கிய விவாதத்தில் 165 உறுப்பினர்கள் பேசினார்கள். போர் முடிந்த பிறகு அல்ல, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஏன் தயாராக இல்லை என்று ஆளும் தரப்பை நேருக்கு நேர் கேட்டார்கள். அவர்களில் யாரையும் ராணுவத்துக்கு விரோதி என்று நாம் இன்று சொல்வதில்லை, அதைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் தப்பு என்று சொல்லியிருப்போம். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1959 ஆகஸ்டில், லடாக்கில் இருக்கும் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டிருக்கிற விஷயத்தை நேரு மக்களவையில் ஒப்புக்கொண்டதும் உறுப்பினர்கள் விடாமல் கேட்டதால்தான்.

இன்னும் கிட்டத்தில் வருவோம். 2017 ஜூலையில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அதாவது சி.ஏ.ஜி. அறிக்கை, ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தணிக்கை செய்த 152 வகை வெடிமருந்துகளில் 61 வகை, தீவிரமான போர் வந்தால் பத்து நாளுக்குக்கூடத் தாங்காது என்றது அது. 2020 பிப்ரவரியில் வைக்கப்பட்ட இன்னொரு அறிக்கை, சியாச்சின் போன்ற உயரமான இடங்களில் இருக்கும் வீரர்களுக்குப் பனிக் கண்ணாடியும் காலணியும் போதுமான அளவுக்குப் போகவில்லை, சாப்பாட்டில் சேர வேண்டிய கலோரியும் சேரவில்லை என்றது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் எம்.பி. எழுந்து, "ஒதுக்கிய பணம் எங்கே போனது, ஏன் வாங்கவில்லை?" என்று கேட்டால் அவர் யாருக்காகக் கேட்கிறார்? பனியில் நிற்கிற அந்தப் பையனால் டெல்லிக்கு வந்து கேட்க முடியாது. சீருடையில் இருக்கும்வரை அவன் பத்திரிகைக்குப் பேசவும் முடியாது. அவனுக்காகக் கேட்க இருப்பது எம்.பி. மட்டும்தான்.

சரி, விமானத்தின் விலைக்கு வருகிறேன், உங்கள் கோபம் முக்கியமாக அதில்தான் இருக்கிறது. ரஃபேல் விமானங்கள் 36 வாங்க 2016 செப்டம்பரில் பிரான்சுடன் ஒப்பந்தம் போட்டோம். அதே வருடம் நவம்பரில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர், ஒரு விமானம் சுமார் 670 கோடி ரூபாய் என்று மக்களவையில் எழுத்துப்பூர்வமாகவே பதில் கொடுத்தார். ஆயுதங்களும் நமக்காகச் செய்த மாற்றங்களும் சேராத விலை அது. 2018 பிப்ரவரியில் மாநிலங்களவையில் மறுபடி விலையைக் கேட்டபோது, இரு நாட்டு ஒப்பந்தப்படி விவரத்தை வெளியிட முடியாது என்று பதில் வந்தது. விமானத்தில் என்னென்ன கருவி இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது என்கிற வாதத்தில் நியாயம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருவியின் விவரம் வேறு, மொத்தமாகக் கொடுத்த பணம் வேறு. முதலாவதை மூடி வைக்கலாம். இரண்டாவது நீங்களும் நானும் கட்டிய வரி. அதையும் சேர்த்து மூடினால், அந்த மூடிக்குக் கீழே நாளைக்கு எது வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும். உங்கள் எம்.பி. கேட்பது இந்த இரண்டாவதைத்தான் என்றால் அவர் பக்கம்தான் நான் நிற்பேன்.

அப்புறம், பாதுகாப்பு ஒரு பக்கம், ஜனங்களுக்கு வேண்டியது இன்னொரு பக்கம் என்று நீங்கள் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2025-26 மத்திய பட்ஜெட் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. அந்த 6.81-க்குள்ளேயே ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.60 லட்சம் கோடி, புது ஆயுதம், தளவாடம் வாங்குவது போன்ற மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. ஓய்வு பெற்ற வீரருக்கு ஓய்வூதியம் ஒழுங்காகப் போகிறதா என்பது ராணுவக் கேள்வியா, நலத்திட்டக் கேள்வியா? நான்கு வருடத்துக்கு மட்டும் ராணுவத்தில் சேர்க்கப்படும் அக்னிவீரர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் அதன் பிறகு நிரந்தரப் பணி, மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பது எந்தக் கணக்கில் சேரும்?

அதே பட்ஜெட்டில், ஏழை முதியோர், கணவரை இழந்த பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு ஒதுக்கியது 9,652 கோடி. 60 முதல் 79 வயது வரை உள்ள ஒருவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். பதினைந்து வருடத்துக்கும் மேலாக அதே 200 ரூபாய்தான். நாளைக்கு ஏழு ரூபாய்கூட வராது. தமிழ்நாட்டில் 1,200 ரூபாய் கிடைக்கிறதென்றால் மீதியை மாநில அரசு போடுகிறது. இந்த 200 ஏன் அசையவே இல்லை என்று கேட்கிற எம்.பி.க்கு, பணம் இல்லை என்று பதில் வரும். பணம் எங்கே எப்படிச் செலவாகிறது என்று பாதுகாப்பு உட்பட எல்லாத் துறையிலும் கேட்டு வைத்திருந்தால்தான் அந்தப் பதிலை அவர் எதிர்க்க முடியும்.

கேட்டு என்ன கிடைத்தது என்கிறீர்கள். 1957-இல், எல்.ஐ.சி. பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் ஏன் போட்டார்கள் என்று மக்களவையில் கேள்வி எழுந்தது. அதை விடாமல் துரத்தியவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை பகிரங்கமாக நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

எல்லாக் கேள்விக்கும் அப்படி நடக்காது, உண்மைதான். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று 2020 செப்டம்பரில் கேட்டதற்கு, அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். படித்தபோது வயிறு எரிந்தது. ஆனால் அந்தப் பதில் இன்று அரசின் சொந்த ஆவணத்தில் இருக்கிறது, யாராலும் அழிக்க முடியாது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் கணக்கு எடுக்கவே இல்லை என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் சொன்ன நூறு நாள் வேலைச் சம்பளத்தையும் கேட்டார்கள். 2025 மார்ச்சில் மக்களவைக் கேள்வி நேரத்தில், தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நிலுவையைப் பற்றிக் கனிமொழி கேட்டார். பதினைந்து நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும், தாமதமானால் இழப்பீடு தர வேண்டும் என்று சட்டமே சொல்லியிருந்த திட்டம் அது. ஊரக வளர்ச்சித் துறை இணை அமைச்சரோ, ஏழு கோடிப் பேர் இருக்கும் தமிழ்நாடு, இருபது கோடிப் பேர் இருக்கும் உத்தரப் பிரதேசம் அளவுக்குப் பணம் வாங்குகிறது என்று ஒப்பிட்டுப் பேசினார். எப்போது தருவீர்கள் என்று கேட்டால் தேதியைச் சொல்ல வேண்டும். வேலை செய்து முடித்த பெண்ணின் கூலிக்கும் மாநிலங்களின் மக்கள்தொகைக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் எம்.பி.யிடம் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அவர் எத்தனை கேள்வி கேட்டார் என்ற எண்ணிக்கையை நான் மதிக்கவில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வரும், அவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்ற 230-க்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. எழுதிக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை ஏற்றிக்கொள்பவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். 2005-இல் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 11 எம்.பி.க்களை இரு அவைகளும் வெளியேற்றின. அந்த 20 கேள்விகளைக் குலுக்கலில்தான் எடுக்கிறார்கள், அதில் உங்களுடையவர் பெயர் வந்த நாளில் அவையில் இருந்தாரா? துணைக் கேள்வியில் அமைச்சரை மடக்கினாரா? "விவரம் சேகரிக்கப்படுகிறது" என்று பதில் வந்தால் அது உறுதிமொழி, மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைப் பின்தொடர்ந்தாரா? 2023 மார்ச்சில் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் மக்களவை நிறைவேற்றிவிட்டது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நாள் அது. அன்று பேசாத யாரும் மறுநாள் செலவைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில் அர்த்தம் இல்லை, அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் சரி.

கேள்விகளுக்கு அமைச்சர்கள் கொடுத்த பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயர் வாரியாக இருக்கின்றன. உங்கள் எம்.பி. பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்டதையும் வந்த பதிலையும் முதலில் எடுத்துப் படியுங்கள். அதோடு, 200 ரூபாய் உதவித்தொகையைப் பற்றி அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். கேள்விக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது விதி, ஆகவே கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கடிதம் அவர் கையில் இருக்கட்டும்.