கரண்ட் பில் விஷயத்துல சாதாரண சனம் பேசி ஏதாச்சும் மாறியிருக்கா? மலையகத்துல மொதல்ல எதுக்காகப் பேசணும்?

மாறியிருக்கு. நானே கண்ணால பாத்திருக்கேன், அதனாலதான் இந்தக் கேள்விக்கு உக்காந்து எழுதுறேன்.

2024 டிசம்பர்ல இலங்கை மின்சார சபை, இருக்குற விலையே இன்னும் ஆறு மாசத்துக்கு இருக்கட்டும்னு கேட்டுச்சு. கரண்ட் விலைய முடிவு பண்ற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அத அப்படியே ஏத்துக்கல, கணக்கப் பாத்துட்டு கொறைக்கலாம்னு அவங்க பக்கத்துல இருந்து ஒரு யோசனைய வெளியிட்டு, ஒன்பது மாகாணத்துலயும் சனங்ககிட்ட கருத்துக் கேட்டாங்க. கடைசில 2025 ஜனவரி 17ஆந் தேதி 20% கொறைச்சாங்க. அதே வருஷம் ஜூன்ல 15% திரும்ப ஏறுச்சு, ஆனா அக்டோபர்ல சபை கேட்ட 6.8% கூட்டலுக்கு ஆணைக்குழு சம்மதிக்கல. சனம் பேசினதாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல, சபையோட கணக்க இன்னொருத்தர் ஒக்காந்து சரிபாக்குறாங்க, அந்த நேரத்துல நாம எழுதிக் குடுத்த கருத்தும் அந்த மேசையில இருக்கணும், அதுதான் விஷயம்.

இது நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு 30 யூனிட் பில்ல வச்சுப் பாருங்க, ஒரு காம்பராவுல (தோட்டத்து வரிசை வீட்டுல ஒரு குடும்பம் இருக்குற அறை) ரெண்டு பல்பு, டிவி, போன் சார்ஜ் பண்றதுன்னா அவ்வளவுதான் வரும். 2022 ஆகஸ்டுக்கு முன்ன யூனிட் 2.50, ஃபிக்ஸ்ட் சார்ஜ் 30, மொத்தம் 105 ரூவா. ஒம்பது வருஷத்துக்குப் பிறகு மொத தடவையா அந்த ஆகஸ்ட்ல ஏத்தினாங்க, 360 ஆச்சு. 2023 பெப்ரவரில யூனிட் 30, ஃபிக்ஸ்ட் சார்ஜ் 400, அதே 30 யூனிட்டுக்கு 1300 ரூவா! அப்ப தோட்டத்துல ஒரு நாள் பேருக்கே 1000 ரூவாதான். எங்கம்மா நாள் பூரா மலையில நின்னு கொழுந்து எடுத்த காசு ரெண்டு பல்புக்குப் பத்தல. 2023 ஜூலைல அது 450க்கு இறங்குச்சு, அந்த ஜனவரி கொறைப்புக்குப் பிறகு 195 (வரி சேக்காம சொல்றேன்). கவனிச்சீங்கன்னா யூனிட் விலையோட ஃபிக்ஸ்ட் சார்ஜும் சேந்து கொஞ்சமா கரண்ட் எரிக்கிறவங்கள அடிக்குது, 2023 பெப்ரவரில லைட்டே போடாம இருட்டுல இருந்தாலும் அந்த 400ஐ கட்டித்தான் ஆகணும்னு இருந்துச்சு. அதனால விலை பத்திப் பேசப் போனா மொதல்ல ஃபிக்ஸ்ட் சார்ஜப் பேசுங்க.

ஆனா மலையகத்துல அதுக்கும் முன்ன ஒன்னு இருக்கு, அவங்கவங்க பேர்ல மீட்டர். இத நான் அடிச்சு சொல்லுவேன். நான் பொறந்து வளந்த லயத்துல, அதாவது ஒட்டி ஒட்டி வரிசையா கட்டின தோட்டத்து வீடுகள்ல (தலவாக்கலை பக்கம், தோட்டத்துப் பேரு வேணாம்) ஆறு வீட்டுக்கும் சேத்து ஒரே மீட்டர், காச சம்பளத்துல பிடிப்பாங்க, எத்தன யூனிட் எரிஞ்சுச்சுன்னு யாருக்கும் பில்லக் காட்ட மாட்டாங்க. வீட்டுக்கு 40 யூனிட்னு வச்சுக்கோங்க, தனித்தனியா இருந்தா ஆறு குடும்பமும் 60க்குள்ள, கொறைஞ்ச விலை. சேத்து ஒரு மீட்டர்ல வந்தா 240 யூனிட், 180ஐத் தாண்டிருச்சு, பெரிய பங்களாக்காரங்க கட்டுற விலைக்குப் போயிருது. 60ஐத் தாண்டினாலே மொத 30 யூனிட்டுக்கான அந்த மலிவு விலை கெடையாது. அதாவது ஏழைக்குன்னு அரசாங்கம் வச்ச சலுகை கொழும்புல பேப்பர்ல இருக்கும், லயத்துக்குள்ள வந்து சேராது. தனி மீட்டர் கேட்டுப் போனா காணி யாரு பேர்லன்னு கேப்பாங்க, காணி தோட்டத்துக்குச் சொந்தம், அப்ப தொரைகிட்ட (தோட்டத்து மேனேஜர்) கடிதம் வாங்கிட்டு வான்னு சொல்லுவாங்க, அந்தக் கடிதத்துக்கு எங்கப்பா பெரட்டு (காலையில பேர் குடுத்து வேலை பிரிக்கிறது) முடிஞ்சு ஆபீஸ் வாசல்ல எத்தன காலையில நின்னாருன்னு எனக்குத் தெரியும்.

இந்த வலி இன்னும் கூடுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த நாட்டுல தண்ணியில எடுக்குற கரண்டோட ஆரம்பமே நம்ம மலைதான். 1918லயே எஞ்சினியர் விமலசுரேந்திர, மஸ்கெலியா ஓயா, களனி கங்கை பக்கத்துத் தண்ணியில கரண்ட் எடுக்கலாம்னு எழுதினாரு, 1950ல லக்ஷபான மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுச்சு, பிறகு காசல்ரீ, மவுசாக்கலை, கென்யன்னு அணைங்க வரிசையா வந்துச்சு. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போச்சு, வறட்சியில தண்ணி வத்தினா பழைய கோயில் தலைகாட்டும், நாங்க போய்ப் பாத்திருக்கோம். 2012ல மேல் கொத்மலை மின் நிலையம், 150 மெகாவாட், அதுக்காக சென்கிளேயர் அருவியோட தண்ணியில பெரும்பகுதிய எடுத்துக்கிட்டாங்க. அந்தத் தண்ணி போற டனலுக்கு மேல இருக்குற லயத்துல நாலு வீட்டுக்கு ஒழுங்கான கரண்ட் கேக்குறது சலுகை கேக்குறது இல்ல, நியாயம்.

அடுத்தது வயரிங். அடிக்கடி பேப்பர்ல "மின் ஒழுக்கு, லயன் குடியிருப்பில் தீ"ன்னு வரும். ஒரு வீட்டுல இருந்து அடுத்த வீட்டுக்கு கூரைக்கடியில இழுத்த பழைய வயர், ட்ரிப் ஸ்விட்ச் (ஒழுக்கு வந்தா கரண்ட தானா நிறுத்துறது) இல்ல, மழைக்காலத்துல செவரு ஈரம். ஒரு காம்பராவுல பிடிச்சா வரிசையே போயிரும். லயத்துக்கு இலவசமா வயரிங் செக் பண்ணி ட்ரிப் ஸ்விட்ச் போட்டுக் குடுங்கன்னு கேக்கணும், ஒரு புது கட்டிடத்துக்கு ஆகுற செலவுல எத்தனையோ லயத்துக்குச் செய்யலாம்.

கூரை சோலாரு, சபைய கம்பெனிகளாப் பிரிக்கிறது (2024ல 36ஆம் இலக்கச் சட்டம், 2025ல அதுக்குத் திருத்தம்) இதெல்லாம் பெரிய பேச்சுதான், ஆனா கூரையே நம்ம பேர்ல இல்லாதவங்களுக்கு சோலார் பேச்சு பிறகு. பிரிக்கிறதுல ஒன்ன மட்டும் விடக்கூடாது, விலைய முடிவு பண்ற ஆணைக்குழு யாருக்கும் பயப்படாம இருக்கணும். 2023 பெப்ரவரி விலையேத்தத்த அப்போதைய தலைவர் ஜனக ரத்நாயக்க எதுத்தாரு, அந்த மே மாசம் 24ஆந் தேதி பாராளுமன்றத்துல 123க்கு 77னு ஓட்டுப் போட்டு அவர எடுத்தாங்க. அவரு மேல உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் அந்தக் கதிரை ஆடுனா நம்ம பில்லும் ஆடும்.

எப்படிப் பேசுறதுன்னு கேட்டா, கூட்டத்துல ஆவேசமா கத்துறத விட பில்ல கொண்டு போங்க. கருத்துக் கேக்குற கூட்டத்த மத்திய மாகாணத்துக்கு கண்டியில வச்சப்ப நானும் பக்கத்து வீட்டு அக்காவும் காலையில மொத பஸ்ல போனோம், எங்க கையில ஆறு வீட்டு கணக்கும் சம்பளத் துண்டும் இருந்துச்சு. அக்கா தமிழ்லயே பேசினாங்க, கையெல்லாம் நடுக்கம், ஆனா "நான் எரிக்கிறது 40 யூனிட், என்கிட்ட பிடிக்கிறது இவ்வளவு"ன்னு துண்டத் தூக்கிக் காட்டினப்ப முன் வரிசையில இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. போக முடியலன்னா தமிழ்ல கடிதம் எழுதி தபால்ல அனுப்பலாம், கணக்கு நம்பர், மூணு மாச யூனிட், கட்டின காசு, என்ன மாத்தணும்னு ரெண்டு வரி, போதும்.

அந்த அக்காவோட வீட்டுக்கு போன வருஷம் தனி மீட்டர் வந்துச்சு, அலையா அலைஞ்சு வாங்கினாங்க. மேல் டிவிஷன்ல இன்னும் ரெண்டு லயம் ஒரே மீட்டர்லதான் இருக்கு, அவங்க சம்பளத் துண்டு எல்லாத்தையும் இப்ப ஒரு ஃபைல்ல சேத்துக்கிட்டு இருக்கோம், அடுத்த தடவ கருத்துக் கேக்குறப்ப அதத்தான் கொண்டு போகப் போறோம்.