சப்சியானின் முகம்

ஐயா, வணக்கம்.

ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் ‘க்ளோஸ்-அப்’ படம் பார்த்தேன். இயக்குநர் மக்மல்பாஃப் நான்தான் என்று சொல்லி ஒரு டெஹ்ரான் குடும்பத்தை ஏமாற்றிய சப்சியான் என்பவரின் உண்மைக் கதை. அவரும் அந்தக் குடும்பமும் நடந்ததைத் திரும்ப நடித்துக் காட்டுகிறார்கள். இது பார்வையாளனை ஏமாற்றுவதுதானே? எந்தெந்தக் காட்சி நிஜம்? தணிக்கைக்குப் பயந்துதான் ஈரானியர்கள் இப்படி எடுக்கிறார்களா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சப்சியானைப் பற்றி எழுத வேண்டும் என்று சில நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். தணிக்கையை விடுங்கள், ஈரான் என்றதும் எல்லாரும் கேட்பது அது. சப்சியான் அந்தக் குடும்பத்துத் தாயைப் பேருந்தில் சந்திப்பதும், அவர் கைதாவதும் பிறகு நடிக்கப்பட்டவை. நீதிமன்றத்தில் இருப்பது நிஜ வழக்கு. சரி, தெரிந்துகொண்டீர்கள். இனி சப்சியான் உங்களுக்குக் கூடுதலாகப் புரிந்துவிடுவாரா?

விசாரணை தொடங்கும்போது கியாரோஸ்தமி அவரிடம் கேமராக்களைப் பற்றி விளக்குகிறார். ஒன்று அவர் முகத்தை மட்டும் அண்மையில் பார்க்கும். சட்டத்துக்குப் புரியவைக்க முடியாததை அதனிடம் சொல்லலாம். அப்புறம் நீதிபதி இருக்கும்போதே கியாரோஸ்தமியும் கேள்வி கேட்கிறார். எந்த ஆவணப்பட இலக்கணம் இதை அனுமதிக்கும்? ஆனால் வேலையும் மதிப்பும் இல்லாத அந்த அச்சகத் தொழிலாளியை அதுவரை யார் உட்காரவைத்துக் கேட்டார்கள்? நீதிமன்றத்துக்கு வேண்டியது அவர் செய்த குற்றம். கியாரோஸ்தமிக்கு வேண்டியது அவருடைய ஆசை. நீங்களோ படம் முழுக்க நீதிமன்றத்தின் பக்கமே உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு இதுதான் வருத்தம்.

ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் இந்தப் படத்தை முதலில் பார்த்தேன். கடைசியில் நிஜ மக்மல்பாஃப் வந்து, விடுதலையான சப்சியானை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்கிறார். மைக் கோளாறுபோல ஒலி விட்டுவிட்டு வந்தது. “சவுண்டு! சவுண்டு!” என்று அரங்கில் ஒரே கூச்சல். ஆபரேட்டர் பாவம், கருவியைத் தட்டிப் பார்த்தார். அது கியாரோஸ்தமி வேண்டுமென்றே செய்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் கணக்கில் படத்தின் பெரிய பொய் அதுதான். பேச்சு முழுதும் கேட்டிருந்தால் ‘நிஜம்’ கூடியிருக்கும். இத்தனை நேரம் எல்லார் முன்னாலும் தன்னைத் திறந்துகாட்டிய மனிதர், தான் ஆராதித்தவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழும்போதும் நாம் ஒட்டுக்கேட்க வேண்டுமா? அந்தப் பொய் அவருக்குக் கொடுத்த மரியாதை. அதைப் போய் ஏமாற்று என்று எழுதியிருக்கிறீர்கள்!

அடுத்து மக்மல்பாஃப் 1996இல் எடுத்த ‘எ மொமென்ட் ஆஃப் இன்னொசன்ஸ்’ பாருங்கள். பதினேழு வயதில் ஒரு போலீஸ்காரரை அவரே கத்தியால் குத்திய கதை. பார்த்துவிட்டு அந்தப் போலீஸ்காரரைப் பற்றி எனக்கு எழுதுங்கள். எது நிஜம், எது நடிப்பு என்ற பட்டியல் வேண்டாம்.

அன்புடன்.