அம்பயர் மாஸ்க்: 70 டாலரா, 300 டாலரா?

கேள்வி: மகன் விளையாடும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் லீகில் அம்பயருக்கு ஆள் இல்லை என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் ஹோம் பிளேட்டுக்கு, அதாவது மட்டை பிடிப்பவன் நிற்கும் இடத்துக்கு, பின்னால் நிற்க வேண்டும். லீகின் சாமான் அறையில் பழைய மாஸ்க் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் போகவே முடியவில்லை, அவ்வளவு நாற்றம். சொந்தமாக வாங்கலாம் என்று பார்த்தால் 60 டாலரில் ஆரம்பித்து 350 வரை போகிறது. விலை கூடினால் பாதுகாப்பும் கூடுமா?
- வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: இல்லை. அம்பயர் மாஸ்க்கில் காசு ஏற ஏற எடைதான் குறைகிறது. பாதுகாப்பும் கூடவே ஏறுகிறது என்று விற்பவர் சொல்லுவார். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

சாதாரண ஸ்டீல் மாஸ்க், உள்மெத்தையோடு சேர்த்து 700 முதல் 900 கிராம் வரை இருக்கும். 60 முதல் 100 டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கும். அலுமினியம், மெக்னீசியம் என்று போனால் 500, 600 கிராமுக்கு இறங்கும். விலை 100ஐத் தாண்டி 200ஐ நெருங்கும். டைட்டானியமும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் லேசில் நெளியாது. அதற்காகத்தான் 250, 300 என்று கேட்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் மாலையில் கழுத்தில் தெரியும். உங்களுக்கு வாரம் ஒரு ஆட்டம், அதுவும் ஆறு இன்னிங்ஸ். தெரியாது.

கனமான மாஸ்க்குக்கு ஒரு நன்மையும் உண்டு. ஒரே வேகத்தில் வரும் பந்து, லேசான பொருளைவிடக் கனமான பொருளைக் குறைவாகவே தள்ளும். மாஸ்க் குறைவாக நகர்ந்தால் தலையும் குறைவாகக் குலுங்கும். தலையில் இரண்டு அடி வாங்கியபின் டைட்டானியத்தை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீலுக்கே திரும்பிய அம்பயர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பந்தைப் பற்றிக் கொஞ்சம். பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம். லிட்டில் லீகில் பந்து வீசும் பிட்சர் நிற்பது 46 அடி தூரத்தில். பன்னிரண்டு வயதுப் பையன் 60 மைல் வேகத்தில் வீசினால் அரை நொடியில் உங்களிடம் வந்துவிடும். நேராக வரும் பந்தை, உங்களுக்கு முன்னால் குந்தியிருந்து பிடிக்கும் கேட்சர் பார்த்துக்கொள்வான். உங்கள் ஆபத்து ஃபவுல் டிப்பில் இருக்கிறது. மட்டையின் ஓரத்தை உரசிய பந்து கடைசிச் சில அடிகளில் திசை மாறி, கேட்சரின் கையுறைக்கு மேலாக எழும்பி வரும். விலக நேரமே கிடையாது, மாஸ்க் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தொழில்முறை ஆட்டத்திலும் இதே கதை. 2008 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் மைதானத்தில், கேட்சர் ஒன்றை எதிர்பார்க்க வேறொன்றாக வந்த வேகப்பந்து கெர்வின் டான்லி என்ற அம்பயரின் தாடையைத் தாக்கியது. மாஸ்க் போட்டிருந்தும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அப்படியென்றால் காசை எதில் போடுவது? மெத்தையில். நெற்றிக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என உள்ளே இரண்டு மெத்தைகள் இருக்கும். கடையில் மாஸ்க்கைத் திருப்பிப் பிடித்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். கம்பி விரலில் தட்டுப்பட்டால் கீழே வைத்துவிடுங்கள், எந்தப் பிராண்டாக இருந்தாலும் சரி. மெத்தைகள் தனியாகவும் கிடைக்கின்றன. இராணுவத் தலைக்கவசங்களுக்கு மெத்தை செய்யும் டீம் வெண்டி என்ற கிளீவ்லாந்து நிறுவனத்தின் மெத்தைகளை வில்சன் மாஸ்க்குகளில் பார்க்கலாம். என்னைக் கேட்டால், 70 டாலர் ஸ்டீல் கம்பிக்கூடும் அதற்கு ஒரு நல்ல மெத்தையும், சாதாரண மெத்தை போட்ட 200 டாலர் மெக்னீசியத்தைவிட நல்ல கொள்முதல். முன்னாள் அம்பயர் ஒருவர் தொடங்கிய ஃபோர்ஸ்3 என்ற கம்பெனி, கூட்டுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்து மாஸ்க் செய்கிறது. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அது தேவையில்லை.

அடுத்தது பொருத்தம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, ஆடிவிடக்கூடாது என்று பின்வாரை இறுக்கிக் கட்டுவது. மாஸ்க் முகத்தில் நிற்க வேண்டும், பிடிக்கக் கூடாது. அடி விழும்போது அது கொஞ்சம் சுழல வேண்டும், பலமான அடி என்றால் கழன்றே போகலாம். அந்தச் சுழற்சியில் அடியின் வேகம் கொஞ்சம் கரைகிறது. இறுக்கிக் கட்டினால் அதுவும் சேர்ந்து தாடைக்கும் கழுத்துக்கும் போகும். தாடை கீழ்மெத்தையில் தானாக உட்கார வேண்டும், கண் இரண்டும் கூட்டின் அகலமான இடைவெளிக்கு நேராக இருக்க வேண்டும். நடுக்கம்பி பார்வையில் குறுக்கிட்டால் அளவு சரியில்லை என்று அர்த்தம்.

போட்டுப் பார்க்கும்போதே கழற்றியும் பாருங்கள். பந்து மேலே எழும்பினாலோ ஓட்டம் தொடங்கினாலோ அம்பயர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அதுவும் இடது கையால். ‘அவுட்’ காட்ட வலது கை சும்மா இருக்க வேண்டும் அல்லவா? கழற்றும்போது தொப்பியும் கூடவே பறந்தால், மாஸ்க்கைத் திட்டாதீர்கள். நீங்கள் போட்டிருப்பது சாதாரண பேஸ்பால் தொப்பி. பிளேட் அம்பயருக்கென்றே முன்விளிம்பு குட்டையான தொப்பி விற்கிறார்கள். அதை வாங்குங்கள்.

கடைசியாகத் தொண்டைக் காப்பு. மாஸ்க்கின் அடியில் நாக்குபோலத் தொங்கும் தகடு இது. 1976இல் சான் டியேகோவில், அடுத்து ஆடக் காத்துக்கொண்டிருந்த டாட்ஜர்ஸ் கேட்சர் ஸ்டீவ் யீகரின் கழுத்தில், உடைந்த மட்டையின் சிராய்கள் பாய்ந்தன. அவர் பிழைத்தார். மறுபடி ஆட வந்தபோது வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அணியின் டிரெய்னர் பில் பியூலர் மாஸ்க்கில் ஒரு தகட்டைத் தொங்கவிட்டார். அந்தத் தகடுதான் இது. சில மாஸ்க்குகளில் கம்பிக்கூடே கீழே நீண்டிருக்கும், அப்போது தனியாக வேண்டாம் என்பார்கள். முகத்தை மேலே தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். தொண்டை தெரிந்தால் தகடு வேண்டும். பத்துப் பதினைந்து டாலர் விஷயம். நிறத்தில் பளபளப்பில்லாத கறுப்பாகப் பாருங்கள், வெயிலில் கம்பி மின்னினால் கண் கூசும்.

லிட்டில் லீக் விதிகளிலேயே பிளேட் அம்பயருக்கு மாஸ்க்கோடு மார்புக் கவசமும் கால் கவசமும் கட்டாயம். ஆண் அம்பயர் என்றால் தொடையிடுக்கைக் காக்கும் கப்பும் கட்டாயம். மொத்தக் காசையும் மாஸ்க்கில் கொட்டிவிட்டு மற்றதற்கு லீகின் சாமான் அறையை நம்பாதீர்கள். நாளைக்கு மகன் வளர்ந்து, அவனோடு நீங்களும் பெரிய பிள்ளைகள் ஆட்டத்துக்குப் போனால் கணக்கு மாறும். 90 மைல் பந்தில் இருக்கும் ஆற்றல், 60 மைல் பந்தினுடையதைப்போல் இரண்டேகால் மடங்கு. அப்போது மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஹாக்கி கோல்கீப்பர் போடுவதுபோல் தலை முழுவதையும் மூடும் வகை இருக்கிறதே, அது மேல்தானே? இதையெல்லாம் சோதித்து முத்திரை தருகிறார்களா?
- வாசகர், சார்லட், வட கரோலினா

பதில்: அந்த வகை 1996இல்தான் பெரிய ஆட்டங்களுக்குள் வந்தது. டொராண்டோ புளூ ஜேஸ் கேட்சர் சார்லி ஓபிரையன், ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தபோது கோல்கீப்பரின் கவசத்தைக் கண்டு, நமக்கும் ஒன்று செய்தால் என்ன என்று கிளம்பினார். பக்கவாட்டில், உச்சியில், பின்தலையில் என்று எல்லாப் பக்கமும் மூடும். வளைந்த பரப்பு என்பதால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். பேட்டர் மட்டையைச் சுழற்றி முடிக்கும்போது பின்னால் வரும் வீச்சுக்கும் இது நல்ல காப்பு.

தொல்லை என்னவென்றால் சூடு. ஜூலை மதியத்தில் அதற்குள் இரண்டு மணி நேரம் இருந்து பார்த்தால் தெரியும். அப்புறம், சட்டென்று கழற்ற முடியாது. இதைப் போடுகிற அம்பயர்களில் பலர் கழற்றாமலே ஆட்டத்தைப் பார்க்கப் பழகிக்கொள்கிறார்கள். எனக்கு அது வரவில்லை, நான் பழைய மாஸ்க்கிலேயே நிற்கிறேன். ஆனால் ஏற்கெனவே தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொன்ன ஆள் என்றால், என் பேச்சைக் கேட்காதீர்கள். முதலில் நிற்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அப்புறம் இந்த வகையை வாங்குங்கள்.

முத்திரை விஷயம் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் விளையாட்டுக் கவசங்களுக்குத் தரவிதி எழுதுவது நாக்சி (NOCSAE) என்ற அமைப்பு. அதன் கேட்சர் விதி, ஹெல்மெட்டும் முகக்கூடும் சேர்ந்த முழுப்பொருளுக்கானது. ஹாக்கி வகையில் அந்த முத்திரையையும், அதோடு எஸ்.இ.ஐ. (SEI) என்ற சான்றிதழ் நிறுவனத்தின் பெயரையும் தேடலாம், தேட வேண்டும். தொப்பிக்கு மேல் போடும் சாதாரண அம்பயர் மாஸ்க் அந்த விதிக்குள் வராது. தனி மாஸ்க்குக்கு ‘நாக்சி சான்று’ என்று யாராவது விற்றால், எந்த ஹெல்மெட்டோடு சேர்த்துச் சோதித்தது என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் நல்ல கிரிக்கெட் ஹெல்மெட் இருக்கிறது, முகக்கம்பியும் உண்டு. கிரிக்கெட் பந்தையே தாங்குவது பேஸ்பாலைத் தாங்காதா?
- வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்! கிரிக்கெட் பந்து கனம் கூடியது, உண்மை. ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். அளவில் பேஸ்பால் ஒரு துளி பெரிது, ஆகவே கம்பி வழியே நுழைந்துவிடும் என்ற பயமும் பெரிதில்லை. ஆனாலும் வேண்டாம். பேட்ஸ்மேன் பந்தைப் பார்த்து விலகுவான், குனிவான். அம்பயர் அசையாமல் நிற்க வேண்டும். கிரிக்கெட் ஹெல்மெட்டில் தொண்டைக்கு முன்னால் ஒன்றும் கிடையாது, ஃபவுல் டிப்போ கீழிருந்து எழும்பி வரும். தாடை வாரை அவிழ்க்காமல் கழற்றவும் முடியாது, அதற்குள் ஓடுகிறவன் இரண்டாம் பேஸைத் தொட்டிருப்பான்.

கடன் வாங்குவதில் தப்பில்லை, முதல் பேஸ்பால் மாஸ்க்கே கடன் சரக்குதான். 1870களில் ஹார்வர்டில் ஃபிரெட் தேயர் என்பவர் வாள்சண்டை முகமூடியைப் பார்த்து அதைச் செய்தார், 1878இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அவர் அதை மாற்றிச் செய்தார், அப்படியே எடுத்து மாட்டவில்லை.

கேள்வி: மகளின் சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கிறேன். கண்ணாடி போடுபவள். மாஸ்க் போட்டால் கண்ணாடி மூக்கை அழுத்துகிறது. சாஃப்ட்பாலுக்கு வேறு மாஸ்க் வேண்டுமா?
- வாசகி, மார்க்கம், கனடா

பதில்: வேண்டாம் அம்மா, அதே மாஸ்க்தான். சாஃப்ட்பால் பந்து பெரிது, கனமும் கூட. அதனால் மெத்தையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கண்ணாடிக்குத் தடித்த மெத்தைதான் மருந்து. கூடு முகத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும். இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே கன்னத்துப் பக்கம் இடைவெளி இருக்கும் மாஸ்க்காகப் பாருங்கள். சுற்றிலும் ஒரே வளையமாக மெத்தை வரும் வகை கண்ணாடிக் காம்பின்மேல் ஏறிக்கொள்ளும். காம்பு மெல்லிதாக, உடையாத பாலிகார்பனேட் லென்ஸோடு ஒரு கண்ணாடியை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொண்டே போங்கள்.

கேள்வி: பழைய மாஸ்க்கைப் பாதி விலைக்கு வாங்கலாமா?
- வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: கூட்டை வாங்கலாம், பார்த்து வாங்கினால். பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்கட்டும். ஆல்-ஸ்டார், வில்சன், டைமண்ட் போன்றவை எளிதில் கிடைக்கும். கம்பிகள் சேரும் ஒவ்வொரு பற்றவைப்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பூச்சு மயிரிழைபோல வெடித்திருந்தால் அடியில் விரிசல் இருக்கலாம். நெளிந்ததை அடித்து நிமிர்த்தியிருந்தால் தொடவே வேண்டாம், நிமிர்த்திய இடம்தான் அடுத்த முறை உடையும். இணையத்தில் படம் மட்டும் பார்த்து வாங்கப் போகிறீர்கள் என்றால், உள்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். நான் ஒரு முறை பெயரில்லாத புது மாஸ்க் ஒன்றை 35 டாலருக்கு வாங்கி, மூன்றாவது ஆட்டத்திலேயே கன்னத்துக் கம்பி பற்றவைப்போடு விட்டுப்போய்க் கையில் வந்தது. அதைப் பார்த்தபின் எனக்குப் புது மாஸ்க் என்றால் சந்தேகம் இல்லை என்ற எண்ணமும் போய்விட்டது.

மெத்தையும் வாரும் மட்டும் புதிது வாங்குங்கள். நுரை வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே செத்திருக்கும். அமுக்கிவிட்டால் மெதுவாகத்தான் எழும்பும், அல்லது எழும்பாது. புது மெத்தையை ஆட்டம் முடிந்ததும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காய வையுங்கள். கார் டிக்கியில் போட்டு மூடிவைத்தால், ஃப்ரிஸ்கோ வாசகர் சொன்ன அந்தச் சாமான் அறை வாசனை இரண்டே வாரத்தில் உங்கள் காரிலும் வரும்.