அறைக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டு

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்கக் கல்லூரியில் சேர்வதற்காக எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயாராகிறாள். மாதிரித் தேர்வுகளில் கணிதத்தில் 750 வரை எடுத்துவிடுகிறாள். ஆங்கிலப் பகுதியோ 600-ஐத் தாண்ட மறுக்கிறது. வாக்கியத்தைச் சரிசெய்யும் கேள்விகளில் பாதிக்குப் பாதி தவறு. கேட்டால், காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன் என்கிறாள். நானும் என் கணவரும் தமிழ் வழியில் படித்தவர்கள் என்றாலும், அவளுக்காக ஒன்றரை வருடமாக வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறோம். என் மாமியாருக்கு ஆங்கிலம் வராது என்பதால் அவர் தன் அறையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறார். அவருக்கும் அது பழகிவிட்டது. இவ்வளவு செய்தும் மதிப்பெண் ஏறவில்லை. வேறு பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: சேர்க்க வேண்டாம்.

தேர்வு நெருங்கும் மாதங்களில் இதே கடிதம் வெவ்வேறு கையெழுத்துகளில் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. "பெண் கெட்டிக்காரி, எப்படியும் தேறிவிடுவாள்" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் நான் மூன்று முறை படித்தேன்: "அவருக்கும் அது பழகிவிட்டது." பழக்கியது யார்? பெற்ற பிள்ளையின் வீட்டில், பேத்தியின் காதில் தமிழ் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தனியாகச் சாப்பிடும் ஒரு முதியவருக்கு அது பழகிவிட்டது என்று எழுத, உங்கள் பேனா ஒரு கணமும் தயங்கவில்லையா? மதிப்பெண் குறைந்ததற்கு அழுகிற நீங்கள் இதை ஒரு செய்தியாகக்கூட எழுதவில்லை. நீங்கள் செய்த தியாகங்களின் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்.

நான் பழைய காலத்து மனுஷி. மூத்தவர்களை ஒதுக்கிவைத்து வாங்கும் எந்தப் படிப்பின் மேலும் எனக்கு மரியாதை கிடையாது. அது என் நம்பிக்கை என்று நீங்கள் தள்ளிவிடலாம். ஆனால் உங்கள் ஏற்பாடு மதிப்பெண்ணுக்கே கேடு என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம் அல்ல.

தேர்வை எடுத்துக்கொள்வோம். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 54 கேள்விகள், 64 நிமிடங்கள். 27 கேள்விகளாக இரண்டு பாதிகள். இவற்றில் இலக்கணத்தையும் நிறுத்தக்குறிகளையும் சோதிப்பவை 11 முதல் 15 வரைதான். ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, நான்கு விடைகளை வைத்திருப்பார்கள். சரளமாகப் பேசத் தெரிகிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. வாக்கியத்தின் எலும்புக்கூடு தெரிகிறதா என்பதுதான் சோதனை. காதை நம்பினால் ஏமாறும்படியே பல தவறான விடைகள் செய்யப்பட்டிருக்கின்றன. அந்தக் காதையோ ஒன்றரை வருடமாக எதைக் கொண்டு நிரப்பியிருக்கிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், "டிஸ்கஸ் அபவுட்", "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்" என்று நாமெல்லாம் பேசும் ஆங்கிலத்தைக் கொண்டுதான். தன் மொழியைப் பிழையில்லாமல் பேசிக்கொண்டிருந்த ஒரே மனிதரை அறைக்குள் அனுப்பிவிட்டு, நாள் முழுவதும் தட்டுத்தடுமாறும் இருவரின் பேச்சை அவள் காதில் ஊற்றியிருக்கிறீர்கள். அந்தக் காது பாதிக்குப் பாதி தவறுவதில் என்ன ஆச்சரியம்?

அவளுக்கு வேண்டிய அறிவு தமிழில் ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. "அப்பத்தா சோறு பிசைந்து" என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். பிசைந்து என்ன செய்தார் என்று மூன்று வயதுக் குழந்தையும் கேட்கும், ஏனென்றால் அது எச்சம். முற்று இன்னும் வரவில்லை. இந்தத் தேர்வு திரும்பத் திரும்பக் கேட்பதும் இதையேதான். "டிஸ்கவர்ட்", "டிஸ்கவரிங்", "டு டிஸ்கவர்", "ஹேவிங் டிஸ்கவர்ட்" என்று நான்கு விடைகள் இருக்கும். வாக்கியத்தில் வேறு முற்று இல்லையென்றால் முதல் விடை ஒன்றுதான் அதை முடித்துவைக்கும். மற்ற மூன்றும் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவை. காற்புள்ளிக் கேள்விகளுக்கும் இந்தக் கணக்குப் போதும்: குறிக்கு இரு பக்கமும் தனித்தனி எழுவாயும் முற்றும் இருந்தால் வெறும் காற்புள்ளி அவற்றைத் தாங்காது, முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், அல்லது காற்புள்ளியோடு "அண்ட்", "பட்" போன்ற இணைப்புச்சொல் வேண்டும். "ஹவ்எவர்" அப்படிப்பட்ட இணைப்புச்சொல் அல்ல என்பதில்தான் பாதிப் பிள்ளைகள் விழுகிறார்கள்.

எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகும் கேள்விகளில் தமிழ் இன்னும் வெளிப்படையாகவே உதவுகிறது. "தி கலெக்‌ஷன் ஆஃப் லெட்டர்ஸ்" என்ற தொடருக்குப் பின் "ஈஸ்" வருமா, "ஆர்" வருமா? பக்கத்தில் "லெட்டர்ஸ்" நிற்பதால் காது "ஆர்" என்கிறது. "கடிதங்களின் தொகுப்பு" என்று தமிழில் சொல்லிப் பார்த்தால், தலைமைச் சொல் தானாகவே கடைசிக்கு வந்து, இருப்பது ஒரே ஒரு தொகுப்பு என்று காட்டிவிடுகிறது. அதேபோல, "சமையலை முடித்துவிட்டுக் குழந்தை தூங்கிவிட்டது" என்று யாராவது சொன்னால் வீடே சிரிக்கும். "செய்து" என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும், அதாவது முடித்தவர் யாரோ அவரே அடுத்த வேலையையும் செய்ய வேண்டும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. "மழை பெய்து குளம் நிறைந்தது" போன்ற விலக்குகளைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இதே தவறு ஆங்கிலத்தில், வாக்கியத்தின் முன்னால் ஒரு தொங்கு தொடராக வரும்போது உங்கள் மகள் சிரிப்பதில்லை. முன்தொடரின் வேலையைச் செய்தவர் யார், காற்புள்ளியை அடுத்து நிற்பவர் யார் என்று அவள் கேட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே பயிற்சி மையத்துக்கான பணத்தைப் பத்திரமாக வையுங்கள். தேர்வு நடத்துபவர்களே புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள். கான் அகாடமியிலும் பயிற்சி இலவசம்தான். தவறிய கேள்விகளை அவள் ஒரு நோட்டில் எழுதட்டும். சரியான விடையை மட்டும் எழுதினால் போதாது. எழுவாய் எது, முற்று எது, தான் தேர்ந்த விடை ஏன் நிற்காது என்று மூன்றையும் எழுத வேண்டும். பிறகு இரவுச் சாப்பாட்டின்போது, அன்றைய தவறுகளில் இரண்டை அப்பத்தாவுக்குத் தமிழில் விளக்கட்டும். ஆங்கிலம் தெரியாதவருக்கு விளக்கும்போது காதுக்குச் சரியாகப் பட்டது என்ற சாக்கு செல்லாது. யார் செய்தார், என்ன செய்தார், பேச்சு முடிந்ததா என்று அவர் கேட்பார், அவள் பதில் சொல்லியாக வேண்டும். விடையில் தவறினால் மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால் தேர்வில் எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவர வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அதற்கு முன்னால் அவர் அந்த அறையிலிருந்து வெளியே வர வேண்டும். பேத்தியை அனுப்பி அழைத்துவரச் செய்யாதீர்கள். தவறு அவளுடையது அல்ல. நீங்கள் போய் மன்னிப்புக் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். தட்டை வாங்கிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டியவர் உங்கள் கணவர். பெற்ற தாய் ஒன்றரை வருடம் தனியாகச் சாப்பிட்டதைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதை எனக்கு எழுதுங்கள்.