வெர்டுனுக்குப் போன லாரிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரு தரப்பும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில்தானே பதுங்குகுழிக்குள் கிடந்தார்கள்? அப்படி நகராத படைக்குச் சோறு தண்ணீர் கொண்டுபோவது சுலபமாகத்தானே இருந்திருக்கும்? பிறகு ஏன் எல்லோரும் பசி, தாகம் என்றே எழுதியிருக்கிறார்கள்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

பாதி தூரம்வரை சுலபம்தான். சிக்கல் மீதியில். படை நகராது என்றால் அதற்குப் போகும் வழிகளும் மாறாது, எதிரியின் பீரங்கி அவற்றைக் குறிவைத்தே காத்திருக்கும்.

1916 பிப்ரவரியில் ஜெர்மனி பிரான்சின் கோட்டை நகரமான வெர்டுனைத் தாக்கியபோது, பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த இரண்டு பெரிய ரயில் பாதைகளில் ஒன்று ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது, இன்னொன்று குண்டுவீச்சில் இருந்தது. மிஞ்சியது ஒரு குறுகிய ரயில் பாதையும், பார்-லெ-துக் நகரிலிருந்து வரும் எழுபது கிலோமீட்டர் சாலையும்தான். அந்தச் சாலையில் சராசரியாக 14 வினாடிக்கு ஒரு லாரி போனது. வாரத்துக்குச் சுமார் 50,000 டன் சரக்கு, 90,000 ஆட்கள். நடந்து போகும் படைக்கும் குதிரை வண்டிக்கும் அங்கே இடமில்லை, வயல் வழியாகப் போகவேண்டியதுதான். நின்றுபோன லாரியை ஓரத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். பனி உருகிச் சாலை சேறானதும் பக்கத்திலேயே கல் வெட்டி, வயதில் மூத்த சிப்பாய்கள் ஓயாமல் அள்ளிக் கொட்டினார்கள். ரோலர் ஓட்ட வழியில்லை, லாரிச் சக்கரங்களே கல்லை அழுத்தின. எந்தத் தளபதியின் வியூகத்தையும்விட எனக்கு இந்த ஏற்பாடுதான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, லாரி நகரத்துக்கு வந்தாயிற்று. அப்புறம்? முன்வரிசைக்கு மனிதன்தான் சுமக்கவேண்டும், அதுவும் இரவில். ரொட்டிகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒயின் குடுவைகளைத் தொங்கவிட்டு, குண்டுக்குழிகளுக்கு இடையே தவழ்ந்து போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. வந்து சேர்ந்த சாப்பாடும் ஆறிப்போய் மண் படிந்திருக்கும்.

வோ கோட்டை வெர்டுனிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஜூனில் அது முற்றுகைக்கு உள்ளானதும் தண்ணீர் உள்ளே போகவே முடியவில்லை, தொட்டியும் வற்றிவிட்டது. சிப்பாய்கள் சுவரின் ஈரத்தை நக்கினார்கள். தளபதி ரேனால் ஜூன் 7 அன்று சரணடைந்தார். கோட்டைக்குள் நடைவழி நடைவழியாகச் சண்டை போட்டுத் தாக்குப்பிடித்தவர்களைத் தாகம்தான் வீழ்த்தியது.

மனிதன் சுமப்பதற்கு மாற்றாக 60 சென்டிமீட்டர் அகலத்தில் சிறு ரயில் பாதைகளை இரு தரப்பும் ஏராளமாகப் போட்டன. குண்டுபட்டால் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். ஆனால் அவையும் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னாலேயே நின்றுவிடும். அங்கிருந்து மறுபடி தோள்தான்.