பங்குக் கணக்கு

கடிதம்:

வணக்கம் சேர். முதல் நியமனம் கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றுக்கு வந்து நான்கு மாதம். கணிதம் படிப்பிக்கிறேன். 'மாணவரின் பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல்' என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். கணக்குகளில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலையும் முத்தையன்கட்டுக் குளத்தையும் சேர்த்துப் பார்த்தேன். பிள்ளைகள் சந்தோசப்பட்டார்கள், விடை மட்டும் வரவில்லை. பாடத்திட்டத்தை முடிக்கச் சொல்லி நெருக்கடி வேறு. உங்கள் பின்னணி என்ன, நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நான் முள்ளியவளையில் பிறந்தவன். ஐயா கமம் செய்தார். காலபோகம் (மாரிமழையில் விதைக்கும் நெல்) விளைந்த வருடம் புதுச் சட்டை, மழை பிழைத்த வருடம் அண்ணாவின் பழைய சட்டை. கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்து வளர்ந்தேன். இன்றைக்கும் மத்தளச் சத்தம் கேட்டால் வீட்டில் இருக்கமாட்டேன். இதெல்லாம் இருக்க, வன்னிப் பிள்ளைகளை எனக்குத் தெரியாதா என்றுதான் நினைத்திருந்தேன்.

தருமபுரம் பக்கம் படிப்பித்த முதல் வருடம், பிந்தி வந்த ஒரு பிள்ளை "அப்பாவோட வந்துட்டோம் சார்" என்றாள். வகுப்பு முழுக்கக் கேட்க, "வந்திட்டம் என்று சொல்லு" என்று திருத்தினேன். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அந்தத் தவணை முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. எழுத்துத் தமிழில் அது 'வந்துவிட்டோம்'. என்னுடைய 'வந்திட்டம்' என்பதைவிட அவள் சொன்னதுதான் அதற்குக் கிட்ட. இதை யோசிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் முந்திக் கேட்டிருக்கவேண்டும்.

பிறகு கடற்கரைப் பாடசாலைக்கு மாற்றம். பின்னக் கணக்கில் எப்போதும் பூச்சியம் எடுக்கும் ஒரு பொடியன். ஒரு சனிக்கிழமை கரையில் அவனைக் கண்டேன். கரைவலை இழுத்து முடிந்து காசு பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீன் விற்றது 22,000. செலவு 4,000 கழிய, மிச்சத்தில் பாதி வலைக்கு, அதை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எடுப்பார். மற்றப் பாதி 9,000 இழுத்த ஆக்களுக்கு. ஏழு பேருக்கு முழுப் பங்கு, இழுவையை நடத்தும் மண்டாடிக்கு ஒன்றரை, கயிறு சுற்றிய இவனுக்கு அரை. "மொத்தம் ஒன்பது பங்கு சேர், எனக்கு ஐந்நூறு" என்றான், நான் விரலை மடக்க முதலே.

திங்கட்கிழமை அதையே கரும்பலகையில் எழுதினேன். ஒன்பதில் ஒரு பங்கு 1/9. அதில் பாதி 1/18. 9,000இன் 1/18 எவ்வளவு? அவன் எழும்பி நின்று பலகையைப் பார்த்தபடியே இருந்தான். "சேர், இது என்ர காசு" என்றான். பிறகு பகுதியெண் என்றால் என்ன என்று அவனே பக்கத்தில் இருந்தவனுக்கு விளங்கப்படுத்தினான். அந்த ஒரு பாடவேளை பிந்திய பாடத்திட்டத்துக்கு இரண்டு கிழமையை மீட்டுத் தந்தது.

உங்கள் கணக்கில் பொங்கல் இருந்தது, தங்கச்சி. ஆனால் பொங்கலுக்குப் போன பிள்ளை அங்கே அந்தக் கணக்கைப் போட்டிருக்கமாட்டாள். பெயரை மாற்றினால் போதாது. பிள்ளை வீட்டில் ஏற்கெனவே போடும் கணக்கைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தலைப் பற்றி அமெரிக்காவில் 1995இல் எழுதிய கல்வி ஆய்வாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் மூன்று விடயங்களைக் கேட்டார்: பிள்ளை படிப்பில் தேறவேண்டும், தன் பண்பாட்டை விடாமல் இருக்கவேண்டும், சுற்றியுள்ள அநியாயத்தைக் கேள்வி கேட்கவேண்டும். பண்பாட்டைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுகிற ஆசிரியர்களை நிறையக் கண்டிருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் அந்தப் பொடியனுக்கு உயர்தரத்துக்குப் போகும் வழி இறுகிவிடும். மூன்றாவதும் தானாக வந்தது. வலைக்கு ஏன் பாதி என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதற்கு அன்றைக்கு நான் விடை சொல்லவில்லை, வகுப்பையே பேசவிட்டேன்.

உங்கள் பாடசாலை கடல் பக்கமா, வயல் பக்கமா என்று எழுதவில்லையே. வயல் பக்கம் என்றால் சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) குளத்துத் தண்ணீர் திறக்கும் நாளில் வாய்க்கால் கரைக்குப் போங்கள். எந்த வயலுக்கு எத்தனை மணித்தியாலம் தண்ணீர் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். கொப்பியை வெளியே எடுக்கவேண்டாம். கேட்டதை எனக்கு எழுதுங்கள், கணக்கை இருவரும் சேர்ந்து செய்வோம்.