மழை இல்லாமலே சொட்டும் தகரக் கூரை: கோழி வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டி 15 அடிக்கு 20 அடி அளவில் தகரக் கூரை போட்ட கொட்டகையில் 60 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். மார்கழி, தை மாதங்களில் மழையே இல்லாத நாட்களிலும் விடியற்காலையில் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. ஆணி ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தும் பயனில்லை. குளிர் உள்ளே புகுவதால்தானோ என்று நான்கு புறமும் தார்ப்பாய் கட்டி மூடினேன், சொட்டுவது கூடிவிட்டது. தரையில் பரப்பிய உமி கட்டிபட்டுக் கிடக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தகரம் வியர்க்கிறது. ஓட்டை வழியே ஒழுகும் நீர் மழைக்குப் பிறகுதான் தெரியும். அதுவும் ஆணியைச் சுற்றியும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களிலும்தான் தெரியும். விடியற்காலையில் தகட்டின் அடிப்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எங்கே தடவினாலும் கை நனைந்தால், அது உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராக மாறியது என்று உறுதி செய்துகொள்ளலாம்.

அந்த ஈரத்தின் பெரும்பகுதி உங்கள் கோழிகள் கொடுப்பது. வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி தண்ணீர் குடிக்கும். 60 கோழிகளுக்குக் கணக்கிட்டால் 12 முதல் 15 லிட்டர் ஆகிறது. முட்டைக்குள் போவது போக, மீதியில் பெரும்பங்கு மூச்சாகவும் எச்சமாகவும் வெளியேறுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது என்பதால் மூச்சுக்காற்றோடு போகும் ஈரம் கணிசமானது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். மேகமற்ற இரவில் மெல்லிய தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. நீங்கள் தார்ப்பாயால் மூடியபோது, அந்த ஈரம் வெளியேற இருந்த கொஞ்ச வழியும் அடைபட்டுப் போயிற்று.

ஆகவே முதல் வேலை, மேலே வழி திறப்பது. இரண்டு நீளச் சுவர்களிலும் கூரையை ஒட்டினாற்போல் ஒரு சாண் உயரத்துக்கு முழு நீளமும் திறந்துவிட்டு, மரநாயும் எலியும் நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அடியுங்கள். இரண்டு சரிவுகளும் சேரும் முகட்டில் நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளி விட்டு, மழை விழாமல் அதன்மேல் ஒரு தகட்டைச் சற்று உயர்த்திப் பொருத்தினால் இன்னும் நல்லது. சூடான ஈரக்காற்று மேலே ஏறும் தன்மையுடையது, தானே போய்விடும். தார்ப்பாய் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதைக் கீழிருந்து, பரணில் உட்கார்ந்த கோழியின் தலைக்குச் சற்று மேல்வரை மட்டும் கட்டுங்கள். குளிர்காற்று நேரே கோழியின் மேல் அடிக்கக் கூடாது. அதன் தலைக்கு மேலே காற்று தாராளமாக ஓட வேண்டும். குளிருமே என்று அஞ்ச வேண்டாம். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்கும் மேல். இறகு முழுதாக வளர்ந்த கோழி ஏற்காட்டுக் குளிரைத் தாங்கிவிடும். ஈரமும் அம்மோனியா வாயுவும்தான் அதைச் சளியில் தள்ளுகின்றன. குஞ்சுகளின் கதை வேறு. அவற்றைத் தனி அறையில் விளக்கு வெப்பத்தில் வையுங்கள்.

உங்கள் கண்ணை எரியச் செய்வதும் அந்த அம்மோனியாதான். ஈர உமியிலேயே அது கிளம்புகிறது, எச்சத்தோடு விழும் ரத்தக்கழிச்சல் கிருமியும் அந்த ஈரத்தில்தான் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வருகிறது. ஆகவே கட்டிபட்ட உமியை இன்றே வெளியே அள்ளிவிடுங்கள். புதிதாகப் போடும் உமியை வாரம் இருமுறை கிளறிவிட்டு, கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது.

இரண்டாவது வேலை, தகரம் குளிராமல் காப்பது. சேர்வராயன் மலையில் ஒரு தை மாத விடியலில் நான் நுழைந்த கொட்டகையில், தகட்டின் அடியில் வழிந்து வந்த துளிகள் குறுக்குச் சட்டத்தில் தடைபட்டு, அதன் விளிம்பில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நேர் கீழே உமியில் கயிறு பிடித்துக் கோடு போட்டதுபோல் ஒரு கறுத்த ஈரப்பட்டை ஓடியது. அதே கொட்டகையில் கீற்று வேய்ந்திருந்த பாதியில் தரை காய்ந்திருந்தது. அன்றிலிருந்து, செலவு செய்ய இயலாதவர்களுக்குத் தகரத்தின்மேல் தென்னங்கீற்றோ கூரைப்புல்லோ வேயும்படிதான் நான் சொல்லி வருகிறேன். தகரத்துக்கும் வானத்துக்கும் இடையே அது போர்வையாகிறது. மலை மழையில் மட்கிவிடும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். மட்கிய கீற்றை அப்படியே விட்டால் தகரம் துருப்பிடிக்கும். கீற்றைத் தகரத்துக்கு அடியில் கட்ட வேண்டாம், அது உண்ணியும் செள்ளும் குடியேறும் இடமாகிவிடும்.

பணம் இருந்தால், அலுமினியத் தாள் ஒட்டிய நுரைத் தகட்டைத் தகரத்தின் அடிப்புறத்தோடு இடைவெளியின்றி ஒட்டி, இணைப்புகளையும் பட்டையால் மூடுங்கள். இடுக்கு இருந்தால் ஈரக்காற்று பின்னால் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் அங்கே நீராகும். தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். கோழிக்கு எட்டினால் ஒரே வாரத்தில் கொத்தித் தின்றுவிடும்.

கேள்வி: ஓமலூர் பக்கம் எங்கள் கொட்டகைக்கு முன்னால், கம்பிவலை அடித்த மேய்ச்சல் முற்றத்துக்கும் தகரம் போட்டிருக்கிறோம். நாற்புறமும் திறந்திருந்தும் பனிக்காலத்தில் சொட்டுகிறதே, ஏன்?

பதில்: அங்கே ஈரம் தருவது வெளிக்காற்று. புல்லின்மேல் பனித்துளி படிவதைப்போலவே தகரத்தின் அடியிலும் படிகிறது. காற்றோட்டம் ஏற்கெனவே முழுமையாக இருப்பதால் அதைக் கூட்டிப் பயனில்லை. முற்றத்துக்காக நுரைத் தகடு வாங்குவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். நான்கு அடிக்கு ஓர் அடியாவது சரிவு இருந்தால், துளிகளில் ஒரு பகுதி சொட்டாமல் தகட்டோடு வழிந்து ஓரத்துக்குப் போகும். தீவனத் தட்டைக் குறுக்குச் சட்டத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். நனைந்த தீவனத்தில் பூஞ்சை பிடித்தால் கோழிக்கு நஞ்சு. தரையைச் சற்று மேடாக்கி ஆற்றுமணல் போட்டால், விழும் நீர் இறங்கிக் காய்ந்துவிடும்.

கேள்வி: தகரத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் இந்தச் சொட்டு நிற்குமா? (வாழப்பாடி வாசகர்)

பதில்: நிற்காது. வெள்ளைப் பூச்சு பகல் வெயிலைத் திருப்பி அனுப்பும். சேலத்துச் சித்திரை வெயிலில் கோழிகளைக் காக்க அது அவசியம், தவறாமல் அடியுங்கள். இரவில் தகரம் குளிர்வதை அது தடுக்காது. கூரைமேல் வேயும் கீற்றுதான் கோடையின் சூட்டுக்கும் மார்கழியின் சொட்டுக்கும் சேர்த்து உதவும். அதை வேய்ந்தால் சுண்ணாம்புச் செலவு மிச்சம்.